மே 1-க்கு மார்ச் 2

மாடி வீட்டுப் பெண் சனிக்கிழமை சாயங்காலம் எங்கள் வீட்டுக்கு டீ குடிக்க வருவாள். வேலைக்குப் போகிறவள். வாரத்தில் அந்த அரை மணி நேரம்தான் அவள் ஆற அமர உட்காருவது. பிப்ரவரி முதல் வாரம் வந்தவள், தம்ளரைக் கையில் வாங்கும்போதே கேட்டாள்.

"அக்கா, லீவுக்கு ஊட்டி போகலாம்னு இருக்கோம். மே தினத்தன்னைக்கு ராத்திரி ரயில் ஏறினா சரியா இருக்கும். ஏப்ரல் பாதியில டிக்கெட் போட்டா போதும்ல?"

"எத்தனை பேர் போறீங்க?"

"நாங்க ரெண்டு பேர், பசங்க ரெண்டு பேர், மாமா, அத்தை."

பெரியவனுக்கு ஏழு வயது, சின்னவளுக்கு மூன்று. மாமனாருக்கு 71. மாமியாருக்கு 66; படியேறும்போது ஒவ்வொரு படிக்கும் கைப்பிடியைப் பிடித்து நின்று வருகிறவர். இந்த ஆறு பேரை மனதில் நிறுத்திப் பார்த்ததும், இதற்கு ஒரு டீ போதாது என்று எனக்குத் தெரிந்துவிட்டது. அடுப்பில் இன்னொரு முறை பால் வைத்தேன்.

முதலில் தேதிக் கணக்கு. ரயிலில் முன்பதிவு முன்பெல்லாம் 120 நாளுக்கு முன்பே திறக்கும். 2024 நவம்பர் 1 முதல் அதை 60 நாளாகக் குறைத்துவிட்டார்கள். கிளம்பும் நாள் இந்தக் கணக்கில் சேராது. சமையலறையில் மாட்டியிருந்த மாதக் காலண்டரை எடுத்து மேசையில் விரித்து, மே 1-லிருந்து பின்னோக்கி எண்ணச் சொன்னேன். ஏப்ரல் 1 வரை முப்பது நாள், அதற்குப் பின்னால் இன்னும் முப்பது. விரல் மார்ச் 2-ல் வந்து நின்றது. "அன்னைக்குக் காலையில எட்டு மணிக்குத் திறக்கும். ஏப்ரல் பாதியில இல்லம்மா, மார்ச் 2" என்றேன். அவள் அந்தக் கட்டத்தைப் பேனாவால் வட்டமிட்டாள்.

வட்டம் ஒன்று போதாது. சென்னை சென்ட்ரலில் இரவு ஒன்பது மணி வாக்கில் கிளம்பும் நீலகிரி எக்ஸ்பிரஸ் மறுநாள் விடிகாலையில் மேட்டுப்பாளையம் போய்ச் சேரும். அங்கிருந்து ஏழு மணிக்கு மேல் மலை ரயில் கிளம்புகிறது. அது மே 2-ஆம் தேதி கிளம்புகிற வண்டி. ஆகவே அதற்கு மார்ச் 3. திரும்பி வருவது மே 6 என்றால், அதற்கு மார்ச் 7. போகிற டிக்கெட் கிடைத்த சந்தோஷத்தில் வருகிற டிக்கெட்டை மறந்துபோகிற வீடுகள் எத்தனையோ உண்டு. ஊட்டியில் இருந்துகொண்டு, திரும்பி வர வழி தேடி போனைத் தட்டிக்கொண்டிருந்தால் விடுமுறையின் கடைசி இரண்டு நாள் கசந்துபோகும்.

இன்னொரு நுணுக்கம், சேலத்தில் இருக்கும் அவளுடைய அக்காவுக்காகச் சொன்னேன். இந்த ரயில் சேலத்துக்கு வரும்போது நள்ளிரவு தாண்டிவிடும். அங்கே ஏறுகிறவர்களின் பயணத் தேதி மே 2. ஆனால் 60 நாள் கணக்கு, வண்டி புறப்படும் ஊரில் கிளம்பும் நாளை வைத்து. ஆகவே சேலத்துக்காரர்களும் மார்ச் 2 அன்றே உட்கார வேண்டும். மே 2-ஐ வைத்து எண்ணிக்கொண்டு மார்ச் 3 அன்று உட்காருகிறவர்கள் ஒரு முழு நாளை இழந்திருப்பார்கள்.

"அவ்வளவு சீக்கிரம் எடுத்தா விலை குறையுமா அக்கா?"

இந்தக் கேள்வியை எல்லோரும் கேட்கிறார்கள். விமானத்தில் பழகிய நினைப்பு அது. விமானத்தில் ஒரே வண்டியின் இருக்கைகளைப் பல விலை அடுக்குகளாகப் பிரித்து வைத்திருப்பார்கள். கீழ் அடுக்கு விற்றுத் தீர்ந்ததும் அடுத்த அடுக்கு திறக்கும். அங்கே முந்தினால் பெரும்பாலும் பணம் மிச்சம். ராஜதானி, சதாப்தி, துரந்தோ ரயில்களிலும் 2016 முதல் இருக்கைகள் நிரம்ப நிரம்பக் கட்டணம் ஏறும். ஆனால் நீலகிரி எக்ஸ்பிரஸ் மாதிரியான சாதாரண எக்ஸ்பிரஸ் ரயிலில், பொது முன்பதிவுக் கட்டணம் முதல் நாளும் கடைசி நாளும் ஒன்றுதான். ஒரு ரூபாய்கூடக் குறையாது. முந்துகிறவருக்குக் கிடைப்பது பணம் இல்லை, எந்தப் படுக்கை என்பது.

ஸ்லீப்பர் பெட்டியோ மூன்றடுக்கு ஏசியோ, ஒரு தடுப்புக்குள் எட்டுப் படுக்கை. எதிரெதிரே மூன்று மூன்றாக ஆறு, நடைபாதைக்கு அந்தப் பக்கம் பக்கவாட்டில் இரண்டு. இந்த எட்டில் கீழ்ப் படுக்கைகள் எத்தனை? இரண்டு லோயர், ஒரு சைடு லோயர். மூன்றே மூன்று. இப்போது அவள் வீட்டைப் பார்ப்போம். மாமனாருக்கு ஒன்று வேண்டும். மாமியாருக்கு ஒன்று வேண்டியே தீரும். ஐந்து வயதுக்குள் இருக்கும் பிள்ளைக்குக் கட்டணமும் இல்லை, தனிப் படுக்கையும் இல்லை. சின்னவள் அம்மாவோடுதான் படுப்பாள். மூன்று வயதுப் பிள்ளையை அணைத்துக்கொண்டு மிடில் பெர்த்தில் யார் தூங்க முடியும்? ஆக அவளுக்கும் ஒரு லோயர். ஒரு தடுப்பில் இருக்கிற மூன்று கீழ்ப் படுக்கையும் இந்த ஒரே குடும்பத்துக்கு வேண்டியிருக்கிறது. இதே மாதிரி தாத்தா பாட்டியும் கைக்குழந்தையுமாக எத்தனை குடும்பங்கள் அதே மே மாதத்தில் அதே ரயிலுக்கு வரும் என்று யோசித்துப் பார்த்தால், எட்டு மணி என்பது ஏன் எட்டு மணி என்று விளங்கும்.

எனக்கு இது புத்தகத்தில் படித்துத் தெரிந்ததில்லை. பல வருடங்களுக்கு முன்னால் நாங்களும் குடும்பத்தோடு ஒரு கோடையில் கிளம்பினோம். பார்த்துக்கொள்ளலாம், பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளிப்போட்டு, கடைசியில் கிடைத்ததை எடுத்தோம். ஆறு பேருக்கு மூன்று பெட்டிகளில் இடம். என் அம்மாவுக்கு அப்போது 68 வயது. அவருக்கு விழுந்தது அப்பர் பெர்த். மாற்றிக் கேட்கலாம் என்று பார்த்தோம். கீழே இருந்த இருவரும் அம்மாவைவிட வயதானவர்கள், எப்படிக் கேட்பது? அம்மாவை நானும் என் தம்பியுமாகத் தூக்கி ஏற்றினோம். ராத்திரி பத்து மணிக்குத் தண்ணீர் பாட்டிலை நீட்டினேன். வேண்டாம் என்றார். காலையில் ஊர் வந்து இறங்கிய பிறகுதான் சொன்னார், சாயங்காலம் ஆறு மணியிலிருந்தே ஒரு வாய் தண்ணீர் குடிக்கவில்லை என்று. குடித்தால் நடுராத்திரி இறங்க வேண்டி வரும், யாரை எழுப்புவது என்று நாக்கு வறள அப்படியே கிடந்திருக்கிறார். அதைச் சொல்லும்போது அவர் முகத்தில் குறையே இல்லை. அதனால்தான் எனக்கு இன்றைக்கும் ஆறவில்லை. அந்தப் பயணத்துக்குப் பிறகு எங்கள் வீட்டில் காலண்டரில் வட்டம் போடாமல் எந்த ஊருக்கும் கிளம்பியதில்லை.

மாடி வீட்டுப் பெண் டீயைக் கீழே வைத்துவிட்டாள். "அத்தைக்கு லோயர் கிடைக்க என்னக்கா செய்யணும்?" என்றாள்.

இங்கேதான் பலரும் அறியாமல் ஒரு தப்புச் செய்கிறார்கள். ஒரு டிக்கெட்டில் ஆறு பேர் வரை போடலாம் என்பதால் வீட்டோடு எல்லோரையும் ஒரே டிக்கெட்டில் சேர்த்துவிடுவார்கள். மூத்தவர்களுக்கென்று கீழ்ப் படுக்கைகள் தனி ஒதுக்கீட்டில் இருக்கின்றன. ஆண் என்றால் 60 வயது, பெண் என்றால் 45 வயது நிறைந்திருக்க வேண்டும். அந்த ஒதுக்கீட்டில் எடுக்க, டிக்கெட்டில் அவர் தனியாக இருக்க வேண்டும், அல்லது அதே தகுதியுள்ள இன்னொருவரோடு இரண்டு பேராக இருக்க வேண்டும். மகனையும் மருமகளையும் பேரனையும் அதே டிக்கெட்டில் சேர்த்தால் அந்தக் கதவு மூடிக்கொள்ளும். பிறகு பொது ஒதுக்கீட்டில் லோயர் மிச்சம் இருந்தால்தான் உண்டு. ஆகவே மாமனாரையும் மாமியாரையும் ஒரு டிக்கெட்டில், மூத்தோர் ஒதுக்கீட்டைத் தேர்ந்தெடுத்துப் போட வேண்டும். மற்றவர்கள் இன்னொரு டிக்கெட்.

அந்த இன்னொரு டிக்கெட்டில் அவளும் கணவரும் ஏழு வயதுப் பையனும். ஐந்திலிருந்து பன்னிரண்டு வயதுக்குள் உள்ள பிள்ளைக்குப் படுக்கை வேண்டாம் என்றால் பாதிக் கட்டணம், வேண்டும் என்றால் முழுக் கட்டணம். ராத்திரிப் பயணத்துக்கு முழுக் கட்டணம் கொடுத்துப் படுக்கை எடுப்பதே நல்லது. ஐ.ஆர்.சி.டி.சி. தளத்தில் பெயர் விவரங்களுக்குக் கீழே ஒரு தேர்வு இருக்கும்: எல்லோருக்கும் ஒரே பெட்டியில் கிடைத்தால் மட்டும் பதிவு செய், குறைந்தது ஒரு லோயர் கிடைத்தால் மட்டும் பதிவு செய், இரண்டு லோயர் கிடைத்தால் மட்டும் பதிவு செய். முதல் நாள் காலையில் 'ஒரு லோயர்' என்பதைத் தைரியமாகத் தேர்ந்தெடுக்கலாம். நாள் கழித்து வருகிறவர் அதைத் தேர்ந்தெடுத்தால் டிக்கெட்டே விழாது. இந்தத் தேர்வுகள் எல்லோருக்கும் திறந்திருக்கின்றன; பயன்படுவது முந்தி வருகிறவருக்குத்தான்.

ஒரு முன்வேலை உண்டு. தரகர்கள் அள்ளிக்கொண்டு போவதைத் தடுக்க, 2025 அக்டோபரிலிருந்து, முன்பதிவு திறந்த முதல் 15 நிமிடம் ஆதார் சரிபார்த்த கணக்கு உள்ளவர்கள் மட்டுமே ஆன்லைனில் எடுக்கலாம் என்று கொண்டுவந்தார்கள். அந்த நேரத்தைப் பிறகு கூட்டவும் செய்தார்கள். மார்ச் 2 காலை 7.55-க்கு உட்கார்ந்து ஆதார் இணைக்கப் பார்த்தால் வேலைக்கு ஆகாது. பிப்ரவரியிலேயே முடித்து, ஆறு பேரின் பெயரையும் வயதையும் கணக்கில் சேமித்து வைத்துவிட வேண்டும். பெயர்கள் அடையாள அட்டையில் இருக்கிற எழுத்தோடு ஒத்துப்போக வேண்டும்.

"தட்கல் இருக்கேக்கா?" என்றாள்.

தட்கல் என்பது திடீரென்று கிளம்ப வேண்டியவர்களுக்கானது. ஊரில் யாருக்கோ உடம்பு சரியில்லை, நாளைக்கே நேர்முகத் தேர்வு, அப்படி. ரயில் கிளம்புவதற்கு முந்தின நாள் ஏசி வகுப்புகளுக்குப் பத்து மணிக்கும் மற்றவற்றுக்குப் பதினொரு மணிக்கும் திறக்கும். கூடுதல் கட்டணம் உண்டு. ஒரு டிக்கெட்டில் நான்கு பேர்தான். உறுதியான தட்கல் டிக்கெட்டை ரத்து செய்தால் பணம் திரும்பாது. அதிலும் முக்கியம், மூத்தோருக்கான கீழ்ப் படுக்கை ஒதுக்கீடு அங்கே இல்லை. தோளில் ஒரு பையோடு கிளம்புகிற இளைஞனுக்கு அது சரி. மாமியாரை அழைத்துப் போகிறவள் ஏப்ரல் 30 தட்கலை நம்பி மூட்டை கட்டக் கூடாது.

வெயிட்டிங் லிஸ்ட்டும் அப்படித்தான். ஆறு பேரில் மூன்று பேருக்கு உறுதியாகி மூன்று பேருக்கு ஆகாமல் போனால் என்ன செய்வது? ஆர்.ஏ.சி. என்றால் ஒரு சைடு லோயரில் இரண்டு பேர் உட்கார்ந்துகொண்டு போக வேண்டும். முழுக்க வெயிட்டிங்கில் நின்ற இணையவழி டிக்கெட், சார்ட் போட்டதும் தானாக ரத்தாகிவிடும்; பணம் வரும், பயணம் போய்விடும். பையும் ஸ்வெட்டரும் கட்டி வைத்துவிட்டு, சார்ட் வரும் வரை ஒரு வீடே போனைப் பார்த்துக்கொண்டிருப்பது என்ன விடுமுறை?

அவள் கணவர் காரிலேயே போய்விடலாம் என்கிறாராம். போகலாம். சென்னையிலிருந்து ஊட்டி ஏறக்குறைய 550 கிலோமீட்டர். அதற்கும் முன்கூட்டியே ஒரு வேலை இருக்கிறது. உயர் நீதிமன்ற உத்தரவால் 2024 மே 7 முதல் நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் வெளியூர் வண்டிகள் இ-பாஸ் எடுக்க வேண்டும். 2025 கோடையில் எண்ணிக்கைக்கும் வரம்பு வைத்தார்கள்: நீலகிரிக்கு வார நாளில் 6,000 வண்டி, வார இறுதியில் 8,000. மலை தாங்குகிற அளவு அவ்வளவுதான் என்பதால் வந்த ஏற்பாடு இது. எனக்கு இதில் முழுச் சம்மதம். அரசுப் பேருந்தில் போகிறவர்களுக்கும் ரயிலில் போகிறவர்களுக்கும் இந்தக் கவலை இல்லை.

ரயிலில் போக இன்னொரு காரணம், மலை ரயில். மேட்டுப்பாளையத்திலிருந்து ஊட்டி வரை 46 கிலோமீட்டர். ஏறிப் போக ஏறத்தாழ ஐந்து மணி நேரம். கல்லாறு தாண்டியதும் தண்டவாளத்துக்கு நடுவில் பற்கள் வைத்த இரும்புப் பட்டை வரும். எஞ்சினுக்கு அடியில் இருக்கும் பல் சக்கரம் அதைக் கவ்விக் கவ்வி ஏறும். எஞ்சின் முன்னால் நின்று இழுக்காது, பின்னால் இருந்து தள்ளும். குன்னூர் வரை 1899-லேயே ஓடத் தொடங்கி, 1908-ல் ஊட்டியைத் தொட்ட பாதை இது. 2005-ல் யுனெஸ்கோ உலக மரபுச் சின்னமாக அறிவித்தது. இவ்வளவு பேர் பெற்ற வண்டிக்கு நான்கைந்து சின்னப் பெட்டிகள்தான். செங்குத்தான மலையில் அதற்கு மேல் தள்ள முடியாது. அதனால் அந்த டிக்கெட்டை மார்ச் 3 காலையில் எடுக்காவிட்டால் மே 2-க்குக் கிடைப்பது கஷ்டம். கிடைக்காமல் போனாலும் மனம் உடைய வேண்டாம். குன்னூர் வரை பேருந்தில் போய், அங்கிருந்து ஊட்டிக்கு மலை ரயிலில் ஒரு மணி நேரம் போகலாம். அந்தப் பகுதியில் நாளுக்குப் பல நடை உண்டு. மூன்று வயதுக் குழந்தைக்கு ஒருவேளை அதுவே போதும்.

அறைக்கு வருவோம். ஊட்டி சரிவில் கட்டிய ஊர். சாலையிலிருந்து விடுதி வாசலுக்கே இருபது முப்பது படி ஏற வேண்டிய இடங்கள் நிறைய. மே மாதத்தில் அரசு தாவரவியல் பூங்காவில் மலர்க் கண்காட்சி நடக்கும். அந்த நாட்களில் அறை வாடகை உச்சிக்குப் போகும். மார்ச்சில் போன் செய்கிறவளிடம் விடுதிக்காரர் நின்று பேசுவார். தரைத்தளத்தில் அறை இருக்கிறதா, வண்டி வாசல் வரை வருமா, வெஸ்டர்ன் கழிப்பறை உண்டா, ராத்திரி பால் காய்ச்ச வழி உண்டா, வெந்நீர் எத்தனை மணி வரை வரும் என்று ஒவ்வொன்றாகக் கேட்கலாம். ஏப்ரல் கடைசியில் கேட்டால், "ஒரே ஒரு ரூம் இருக்கு, வேணுமா வேண்டாமா?" என்பதுதான் பதில். முன்பணம் அனுப்பும் முன் மட்டும் ஒரு எச்சரிக்கை. இணையத்தில் கண்ட எண்ணுக்கு உடனே பணம் போடக் கூடாது. அங்கே போய் வந்த யாரிடமாவது விசாரித்து, விடுதியின் எண் அதுதானா என்று உறுதி செய்துகொண்டு, ரத்து செய்தால் எவ்வளவு திரும்பும் என்பதை எழுத்தில் வாங்கிக்கொண்டு அனுப்ப வேண்டும்.

"இப்பவே எல்லாம் போட்டுட்டு, நடுவுல யாருக்காவது காய்ச்சல் வந்துட்டா?"

நியாயமான பயம். அதற்கும் முந்திக்கொள்வதே துணை. ரயில் டிக்கெட்டைப் பல நாள் முன்னாலேயே ரத்து செய்தால் பிடித்தம் கொஞ்சம்தான். கிளம்பும் நேரம் நெருங்க நெருங்கத்தான் அது ஏறும். ஒருவரால் மட்டும் வர முடியவில்லை என்றால், உறுதியான டிக்கெட்டை ரயில் கிளம்ப 24 மணி நேரத்துக்கு முன் எழுதிக் கொடுத்துப் பெற்றோர், உடன்பிறந்தோர், கணவன் மனைவி, பிள்ளைகள் ஆகிய நெருங்கிய உறவில் ஒருவர் பெயருக்கு மாற்றிக்கொள்ளவும் வழி இருக்கிறது. எல்லாவற்றையும் முன்பதிவு செய்யவும் தேவையில்லை. படுக்கையும் கூரையும் உறுதியாகிவிட்டால் போதும். எந்த நாள் படகு இல்லம், எந்த நாள் தொட்டபெட்டா என்பதை அங்கே போய், மழையையும் மாமியாரின் முழங்காலையும் பார்த்து முடிவு செய்யலாம். மணிக்கு மணி திட்டம் போட்டுக்கொண்டு போகிறவர்களைப் பார்த்தால் எனக்குப் பாவமாக இருக்கும்.

பணத்தைப் பற்றி அவள் கேட்கவில்லை, நானே சொன்னேன். ஆறு பேர் ஐந்து நாள் என்றால் சம்பளக்காரக் குடும்பத்துக்கு அது பெரிய தொகை. ஒரே மாதத்தில் விழுந்தால் ஜூனில் பள்ளிக் கட்டணத்துக்குக் கை கடிக்கும். மார்ச்சில் டிக்கெட், ஏப்ரலில் அறைக்கு முன்பணம், மே மாதம் கைச்செலவு என்று மூன்று சம்பளத்தில் பிரிந்தால் யாரிடமும் கடன் கேட்க வேண்டாம். லீவும் அதே மாதிரி. அவள் அலுவலகத்தில் பிள்ளை பெற்றவர்கள் எல்லோரும் அதே மே முதல் வாரத்தைத்தான் கேட்பார்கள். தேதியோடு முதலில் எழுதிக் கொடுக்கிறவரின் விண்ணப்பத்துக்கு ஒரு மதிப்பு இருக்கிறது.

ஊட்டி கடல் மட்டத்திலிருந்து 2,200 மீட்டருக்கு மேல். மாமனாருக்கு ரத்த அழுத்த மாத்திரை உண்டு. மருத்துவரிடம் ஒரு வார்த்தை கேட்க, ஒரு வாரத்துக்கு உபரியாக மாத்திரை வாங்க, சின்னவளுக்குக் காதை மூடும் குல்லா தேட, மேட்டுப்பாளையம் சாலையின் பதினான்கு கொண்டை ஊசி வளைவுகளில் வாந்தி வராமல் என்ன கொடுக்கலாம் என்று விசாரிக்க, இதற்கெல்லாம் இரண்டு மாதம் இருக்கிறது என்ற நிம்மதி வேறு.

பெரியவன் இதற்குள் கீழே வந்து, காலண்டரில் இருந்த வட்டங்களைப் பார்த்துவிட்டான். எதற்கு என்று கேட்டான். சொன்னேன். "எஞ்சின் பின்னாடி இருந்து தள்ளுமா பாட்டி? அப்ப முன்னாடி யாரு உக்காருவாங்க?" என்றான். காலண்டரைக் கேட்டு வாங்கிக்கொண்டு மேலே ஓடினான். இனி மே வரை அந்த வண்டி அவன் தலைக்குள் ஏறிக்கொண்டுதான் இருக்கும்.

அவள் பால் கணக்கு எழுதும் நோட்டின் பின்பக்கத்தில் ஆறு பேரின் பெயரையும் வயதையும் எழுதினாள். மாமியாரின் பெயரில் நின்றாள். ஆதாரில் எப்படி இருக்கிறது என்று தெரியவில்லை. படிக்கட்டில் நின்று மேலே பார்த்துக் கேட்டாள்.

"ஊட்டிக்கா? நான் எதுக்கும்மா? முட்டி வலிக்காரி. நீங்க போயிட்டு வாங்க, நான் வீட்டைப் பார்த்துக்கறேன்" என்று மாடியிலிருந்து குரல் வந்தது.

"லோயர் பெர்த் எடுத்துத் தரோம் அத்தை."

கொஞ்ச நேரம் சத்தமில்லை. பிறகு கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு மாமியார் முதல் படிக்கு வந்து நின்றார். கையில் ஆதார் அட்டை.

"ஜன்னல் பக்கமா அது?" என்றார்.